தனக்கு மிஞ்சித்தான் தானமா? பெருந்தொற்றுக் கால மருத்துவ உதவிகள் உணர்த்திய பாடம்

2021 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 28 ஆம் திகதி இந்தியாவிலிருந்து 5 இலட்சம் கொவிட் தடுப்பூசிகள் கட்டுநாயக்க விமான நிலையத்தை வந்தடைந்தன. அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ நேரில் சென்று அவற்றைப் பொறுப்பேற்றார். மறுநாளே சுகாதாரத் துறையினருக்கும் முப்படையினருக்கும் தடுப்பூசி ஏற்றும் பணி ஆரம்பமாயிற்று. உலகின் வறிய நாடுகள் பலவற்றில் ஒரு தடுப்பூசி கூடக் கிடைத்திராத அந்நாட்களில் இலங்கைக்கு இது பெரும் வாய்ப்பாகவே அமைந்தது. 'அயல்நாட்டுக்கே முன்னுரிமை' என்ற இந்தியாவின் கொள்கைக்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை என அன்று பலரும் எழுதினர்.

ஆனால், அந்த மகிழ்ச்சி மூன்று மாதங்கள் கூட நீடிக்கவில்லை. இந்தியா அன்பளிப்பாக வழங்கிய 5 இலட்சம், இலங்கை அரசாங்கம் புனேயிலுள்ள சீரம் நிறுவனத்திடம் விலைகொடுத்து வாங்கிய 5 இலட்சம், 'கொவெக்ஸ்' திட்டத்தின் கீழ் மார்ச் 7 ஆம் திகதி கிடைத்த 2 இலட்சத்து 64 ஆயிரம் என மொத்தமாக ஏறத்தாழ 12 இலட்சத்து 64 ஆயிரம் அஸ்ட்ராசெனெகா தடுப்பூசிகளே நாட்டுக்கு வந்து சேர்ந்திருந்தன. அடுத்த தொகுதி வந்துவிடும் என்ற நம்பிக்கையில் 9 இலட்சத்து 25 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு முதலாவது ஊசி ஏற்றப்பட்டது. அடுத்த தொகுதி வரவில்லை. இரண்டாவது ஊசிக்கு உரிய காலம் நெருங்கியபோது சுமார் 6 இலட்சம் பேருக்குக் கொடுப்பதற்கு மருந்து இருக்கவில்லை.

முதலாவது ஊசியைப் பெற்றவர்களுள் முதியவர்களும் நீண்டகால நோயாளர்களும் இருந்தனர். வேறு வகைத் தடுப்பூசியை இரண்டாவதாக ஏற்றலாமா, இடைவெளியை நீடிக்கலாமா என்ற வினாக்களுடன் அவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தனர். அவர்களுள் பெருமளவினருக்கு விடிவு பிறந்தது, 2021 யூலை இறுதியிலும் ஓகஸ்ட் தொடக்கத்திலும் யப்பான் கொவெக்ஸ் ஊடாக 14 இலட்சத்துக்கும் அதிகமான அஸ்ட்ராசெனெகா தடுப்பூசிகளை அனுப்பிவைத்த பின்னரேயாகும். இந்தக் காத்திருப்பு ஏன் ஏற்பட்டது என்பதை ஆராய்ந்தால், பெருந்தொற்றுக் காலத்தில் நாடுகளிடையே நிகழ்ந்த மருத்துவ உதவிகளின் இயல்பும் எல்லையும் துலக்கமாகத் தெரியவரும்.

இந்தியா வாக்குத் தவறிவிட்டது என்று ஒரே வசனத்தில் தீர்ப்பு வழங்கிவிடுவது இலகுவானது. அது நியாயமானதல்ல. 2021 மார்ச் மாதத்தின் பிற்பகுதியில் இந்தியா தடுப்பூசி ஏற்றுமதியை நிறுத்தியபோது அந்நாட்டில் இரண்டாவது அலை தலைதூக்கியிருந்தது. மே மாதத் தொடக்கத்தில் நாளொன்றுக்கு 4 இலட்சத்துக்கும் அதிகமானோர் தொற்றுக்குள்ளாயினர். டில்லியின் வைத்தியசாலைகளில் ஒட்சிசன் இன்றி நோயாளர்கள் மாண்டனர். அதற்கு முன்னதாக 6 கோடிக்கும் அதிகமான தடுப்பூசிகளைப் பிற நாடுகளுக்கு அனுப்பியிருந்த இந்திய அரசாங்கம், தனது மக்களுக்கு இல்லாத மருந்தை எவ்வாறு பிறருக்குக் கொடுத்தீர்கள் என்ற கேள்வியை உள்நாட்டில் எதிர்கொள்ள நேர்ந்தது. எந்தவோர் அரசாங்கமும் அவ்வேளையில் வேறு விதமாக நடந்திருக்கும் என எதிர்பார்க்க முடியாது.

அதேவேளை, சீரம் நிறுவனமும் முற்றிலும் தன் காலில் நிற்கவில்லை. தடுப்பூசித் தயாரிப்புக்கான மூலப்பொருட்கள் சிலவற்றுக்கு அது அமெரிக்காவை நம்பியிருந்தது. அமெரிக்காவோ தனது பாதுகாப்பு உற்பத்திச் சட்டத்தைப் பயன்படுத்தி அவற்றை உள்நாட்டுத் தேவைக்கே முதலில் ஒதுக்கியது. இத்தடையை நீக்குமாறு அந்நிறுவனத்தின் தலைவர் 2021 ஏப்ரலில் அமெரிக்க ஜனாதிபதியிடம் பகிரங்கமாக வேண்டுகோள் விடுத்தார். வொஷிங்டனில் எடுக்கப்பட்ட முடிவு புனேயின் தொழிற்சாலையைப் பாதிக்கின்றது. புனேயின் நெருக்கடி கொழும்பில் முதியவர் ஒருவரின் இரண்டாவது ஊசியைப் பாதிக்கின்றது. இச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் 'தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும்' என்ற நமது முதுமொழியே ஆட்சி செய்தது.

இவ்விடயத்தில் ஆசிய நாடுகள் மாத்திரம் விதிவிலக்கல்ல. 2020 மார்ச்சில் இத்தாலியின் வடபகுதி வைத்தியசாலைகள் நிரம்பி வழிந்தபோது, அந்நாடு தனது ஐரோப்பிய ஒன்றியப் பங்காளிகளிடம் முகக்கவசங்களையும் பாதுகாப்பு அங்கிகளையும் கோரியது. ஆனால் அந்த மாதத் தொடக்கத்திலேயே ஜேர்மனி அவற்றின் ஏற்றுமதியைத் தடைசெய்தது. பிரான்ஸ் தனது நாட்டிலிருந்த கையிருப்பை அரசுடைமையாக்கியது. இத்தாலிக்கு முதலில் கைகொடுத்தவர்களுள் சீனாவிலிருந்து வந்த மருத்துவக் குழுவினரும் கியூபாவிலிருந்து லொம்பாடிப் பிராந்தியத்துக்கு வந்த 52 வைத்தியர்களும் தாதியரும் அடங்குவர். ஐரோப்பாவின் வறிய நாடுகளுள் ஒன்றான அல்பேனியா கூட 30 பேர் கொண்ட குழுவொன்றை அனுப்பியது. இத்தாலிக்குத் தேவைப்பட்ட வேளையில் பலர் உதவ முன்வரவில்லை என்பதை ஒப்புக்கொண்டு ஐரோப்பிய ஆணைக்குழுவின் தலைவர் ஏப்ரல் மாதத்தில் ஐரோப்பியப் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். ஒரே சந்தை, ஒரே நாணயம், திறந்த எல்லைகள் என அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கட்டியெழுப்பப்பட்ட ஒன்றியத்துக்கே இதுதான் நிலையென்றால், ஏனைய உறவுகள் எம்மாத்திரம்?

தடுப்பூசிகள் தயாரானதும் இதே காட்சி உலகளாவிய அளவில் மீண்டும் அரங்கேறியது. செல்வந்த நாடுகள் தமது சனத்தொகையைப் போல் பல மடங்கு எண்ணிக்கையான தடுப்பூசிகளை முன்கூட்டியே பதிவு செய்து கொண்டன. 2021 ஜனவரி நடுப்பகுதியில் 49 செல்வந்த நாடுகளில் 3 கோடியே 90 இலட்சம் ஊசிகள் ஏற்றப்பட்டிருந்த வேளையில், மிக வறிய நாடொன்றில் 25 ஊசிகள் மாத்திரமே ஏற்றப்பட்டிருந்தன என உலக சுகாதார ஸ்தாபனத்தின் பணிப்பாளர் நாயகம் டெட்ரோஸ் சுட்டிக்காட்டினார். இது 25 ஆயிரமோ 25 இலட்சமோ அல்ல, வெறும் 25.

இந்த ஏற்றத்தாழ்வைச் சீர்செய்வதற்கென உருவாக்கப்பட்டதே கொவெக்ஸ் திட்டமாகும். 2021 முடிவதற்குள் 200 கோடி தடுப்பூசிகளைப் பகிர்ந்தளிப்பது அதன் இலக்கு. ஆனால் அதன் பிரதான விநியோகஸ்தரும் அதே சீரம் நிறுவனமே என்பதால், இந்தியாவின் ஏற்றுமதித் தடையோடு அத்திட்டமும் தடுமாறியது. அந்த ஆண்டு முடிவில் இலக்கின் பாதியைக் கூட அதனால் எட்ட முடியவில்லை. பின்னர் செல்வந்த நாடுகள் தமது மேலதிகக் கையிருப்பை வழங்கத் தொடங்கியபோது வேறொரு சிக்கல் எழுந்தது. காலாவதியாகும் தறுவாயில் வந்து சேர்ந்த மருந்துகளை உரிய வேளையில் மக்களிடம் கொண்டுசெல்ல இயலாமல், நைஜீரியா 2021 டிசம்பரில் 10 இலட்சத்துக்கும் அதிகமான தடுப்பூசிகளைக் குப்பைமேட்டில் கொட்டி அழித்தது. கேட்டபோது கிடைக்காததும், கிடைத்தபோது பயன்படாததும் ஒரே உதவியின் இரு முகங்கள்தாம்.

எனினும், இக்காலத்தில் நிகழ்ந்த உதவிகள் அனைத்தையும் வெறும் நடிப்பென்று ஒதுக்கிவிடுவதும் தவறாகும். 2004 ஆழிப்பேரலை அனர்த்தத்துக்குப் பின்னர் வெளிநாட்டு உதவிகளை ஏற்பதைத் தவிர்த்து வந்த இந்தியா, 2021 இல் அந்நிலைப்பாட்டைத் தளர்த்தியபோது பல நாடுகள் உதவிக்கு விரைந்தன. சவூதி அரேபியா 80 தொன் திரவ ஒட்சிசனை அனுப்பியது. பங்களாதேஷ் மருந்துகளை அனுப்பியது. கென்யா தனது நாட்டில் விளைந்த தேயிலை, கோப்பி, நிலக்கடலை ஆகியவற்றில் 12 தொன்னை இந்தியாவின் முன்னரங்கப் பணியாளர்களுக்கென அனுப்பிவைத்தது. சமூக வலைத்தளங்களில் சிலர் இதனை எள்ளி நகையாடினர். மரணவீட்டுக்குத் தேயிலையும் சீனியும் எடுத்துச் செல்லும் வழக்கமுடைய நமது கிராமத்தவருக்கு அந்த அன்பளிப்பின் பொருள் விளங்காமற் போயிராது.

இலங்கையும் அத்தகைய உதவியின் பயனைக் கண்டிருக்கின்றது. 2021 ஓகஸ்டில் டெல்டா திரிபு நாட்டை உலுக்கி, வைத்தியசாலைகளில் ஒட்சிசன் தேவை சடுதியாக உயர்ந்தபோது, இந்தியக் கடற்படையின் 'சக்தி' என்ற கப்பல் விசாகப்பட்டினத்திலிருந்து 100 தொன் திரவ ஒட்சிசனுடன் கொழும்புத் துறைமுகத்தை வந்தடைந்தது. அதே பெயரைக் கொண்ட இலங்கைக் கடற்படைக் கப்பலும் இந்தியாவிலிருந்து ஒட்சிசனைச் சுமந்து வந்தது. மூன்று மாதங்களுக்கு முன்னர் ஒட்சிசனுக்காகத் தவித்த நாடே அதனை அயல்நாட்டுக்கு அனுப்பியது என்பது மறக்கப்படலாகாது. ஆகவே, இங்கு சிக்கல் நல்லெண்ணம் இல்லாமை அல்ல. நல்லெண்ணத்தை மாத்திரம் நம்பியிருப்பதே சிக்கல்.

நல்லெண்ணத்தோடு அரசியலும் கலந்தே வருகின்றது என்பது மற்றொரு விடயம். இந்தியத் தடுப்பூசிகள் வந்திறங்கி நான்கு நாட்களில், 2021 பெப்ரவரி முதலாம் திகதியன்று, கொழும்புத் துறைமுகத்தின் கிழக்குக் கொள்கலன் முனையத்தை இந்தியா, யப்பான் ஆகிய நாடுகளுடன் இணைந்து அபிவிருத்தி செய்யும் 2019 ஆம் ஆண்டு இணக்கப்பாட்டைக் கைவிடுவதற்கு இலங்கை அரசாங்கம் தீர்மானித்தது. மறுபுறத்தில், சீனா மார்ச் 31 ஆம் திகதி அன்பளிப்பாக அனுப்பிய 6 இலட்சம் சினோபாம் தடுப்பூசிகள் முதலில் இங்கிருந்த சீனப் பிரஜைகளுக்கே ஏற்றப்பட்டன. உலக சுகாதார ஸ்தாபனம் மே 7 ஆம் திகதி அனுமதி வழங்கியதை அடுத்தே அவை இலங்கையருக்கு ஏற்றப்படலாயின. அதே மாதம் 20 ஆம் திகதி கொழும்புத் துறைமுக நகர ஆணைக்குழுச் சட்டமூலம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது.

இந்நிகழ்வுகள் ஒன்றுக்கொன்று விலையாகக் கொடுக்கப்பட்டவை என்று கூறுவதற்கு ஆதாரம் எதுவுமில்லை. அவ்வாறு கூறுவது விஷமத்தனமுமாகும். கிழக்கு முனையத்தை இழந்த யப்பானே ஆறு மாதங்களின் பின் இரண்டாவது ஊசிக்கு வழிசெய்தது என்பதையும் இங்கு கருத்திற்கொள்ள வேண்டும். ஆயினும் ஒரு சிறிய நாடு, தனது மக்களின் உயிர்காக்கும் மருந்துக்கும் தனது துறைமுகங்கள் பற்றிய பேச்சுவார்த்தைக்கும் ஒரே வாரத்தில், ஒரே தலைநகரங்களின் முகத்தைப் பார்க்க நேரிடுவது ஆரோக்கியமான நிலை அல்ல. கேட்கப்படாத விலை கூட, கடன்பட்டவனின் மனதில் ஒரு சுமையாகவே இருக்கும்.

அன்பளிப்புக்கு அப்பால் வாங்கப்பட்டவை பற்றியும் ஒரு வார்த்தை கூற வேண்டும். இலங்கையில் ஏற்றப்பட்ட தடுப்பூசிகளுள் மிகப் பெரும்பங்கு சினோபாம் ஆகும். அவற்றுள் பெரும்பாலானவை விலைகொடுத்து வாங்கப்பட்டவை. ஒரு டோஸின் விலை 15 டொலர் என்ற தகவலும், பங்களாதேஷுக்கு 10 டொலருக்கு அது வழங்கப்படவுள்ளதாக வெளியான செய்தியும் 2021 மே, யூன் மாதங்களில் இங்கு பெரும் சர்ச்சையைக் கிளப்பின. நெருக்கடி வேளையில் தனித்தனியாகவும் இரகசியமாகவும் பேரம்பேசும் நாடுகள் எவ்வளவு பலவீனமான நிலையில் இருக்கின்றன என்பதற்கு அச்சர்ச்சை ஓர் எடுத்துக்காட்டு எனலாம்.

உதவி பெறும் தரப்பின் பொறுப்பையும் பேசாமல் இவ்வாய்வு முழுமை பெறாது. மருந்தும் ஒட்சிசனும் மாத்திரம் சர்வதேச மருத்துவ உதவியாகிவிடா. அறிவியல் வழிகாட்டலும் ஓர் உதவியே. அதற்குக் கப்பலோ குளிரூட்டியோ தேவையில்லை. கொவிட் தொற்றால் இறந்தோரின் உடல்களை அடக்கம் செய்யவோ தகனம் செய்யவோ முடியும் என உலக சுகாதார ஸ்தாபனம் 2020 மார்ச்சிலேயே வழிகாட்டியிருந்தது. இலங்கை அரசாங்கமோ தகனத்தைக் கட்டாயமாக்கி வர்த்தமானி வெளியிட்டு, முஸ்லிம் மக்களின் நெஞ்சில் ஆறாத வடுவை ஏற்படுத்தியது. அடக்கம் செய்வதற்கு அனுமதி கிடைத்தது 2021 பெப்ரவரி 25 ஆம் திகதியிலேயே. அதுவும் பாகிஸ்தான் பிரதமராக இருந்த இம்ரான் கான் கொழும்புக்கு வந்து திரும்பிய மறுநாள். இச்செயலுக்காக அரசாங்கம் முறைப்படி மன்னிப்புக் கோருவதற்கு 2024 யூலையில்தான் அமைச்சரவை அங்கீகாரம் வழங்கியது. வெளியிலிருந்து வந்த தடுப்பூசிக்கு விமான நிலையத்தில் வரவேற்பளித்த அரசாங்கம், வெளியிலிருந்து இலவசமாகவே வந்த அறிவுரையை ஓராண்டு காலம் வாசலில் நிறுத்திவைத்தது. எத்தகைய உதவியும் விமான நிலையம் வரையே பிறருடைய பொறுப்பு. அதற்கப்பால் அது எல்லா மக்களையும் சமமாகச் சென்றடைவது நம்முடைய பொறுப்பு.

அப்படியாயின் வழி என்ன? உதவியை விருப்பத்திலிருந்து கடப்பாடாக மாற்றுவதே முதலாவது வழி. இந்தியாவும் தென்னாபிரிக்காவும் 2020 ஒக்டோபரில் உலக வர்த்தக ஸ்தாபனத்தில் முன்வைத்த யோசனை அத்தகையது. கொவிட் தடுப்பூசிகள், மருந்துகள், பரிசோதனை உபகரணங்கள் ஆகியவற்றின் புலமைச்சொத்து உரிமைகளைத் தற்காலிகமாக இடைநிறுத்துமாறு அது கோரியது. செல்வந்த நாடுகள் சிலவற்றின் எதிர்ப்பினால் இழுபட்டு, 2022 யூனில் தடுப்பூசிகளுக்கு மாத்திரம் என்ற குறுகிய வடிவில் அது நிறைவேறியபோது, தடுப்பூசிக்கான நெருக்கடியே பெரும்பாலும் தணிந்துவிட்டிருந்தது. காலம் கடந்த உதவி என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை.

இரண்டாவது முயற்சி, 2025 மே 20 ஆம் திகதி ஜெனீவாவில் உலக சுகாதாரப் பேரவை ஏற்றுக்கொண்ட பெருந்தொற்று உடன்படிக்கையாகும். அதற்கு முந்திய நாள் குழுநிலையில் நடைபெற்ற வாக்கெடுப்பில் 124 நாடுகள் ஆதரவளித்தன. எந்த நாடும் எதிர்க்கவில்லை. 11 நாடுகள் வாக்களிப்பதைத் தவிர்த்தன. 2020 மார்ச்சில் உதவி கோரிக் கைநீட்டிய இத்தாலி, அவ்வாறு தவிர்த்துக்கொண்ட நாடுகளுள் ஒன்று. இவ்வுடன்படிக்கையின்படி, நோய்க்கிருமிகள் பற்றிய தகவல்களை நாடுகள் பகிர்ந்துகொள்ள, அதற்கு ஈடாக இத்திட்டத்தில் பங்கேற்கும் மருந்து உற்பத்தியாளர்கள் பெருந்தொற்றுக் காலத்தில் தமது உற்பத்தியின் 20 சதவீதத்தை இலக்காகக் கொண்டு உலக சுகாதார ஸ்தாபனத்துக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். குறைந்தது 10 சதவீதம் நன்கொடையாகவும் எஞ்சியது கட்டுப்படியான விலையிலும் வழங்கப்படும். எனினும், இப்பகிர்வு எவ்வாறு இயங்கும் என்பதை வரையறுக்கும் இணைப்பு பின்னைய பேச்சுவார்த்தைகளுக்கென விடப்பட்டது. 60 நாடுகள் ஏற்புறுதி செய்தாலே உடன்படிக்கை நடைமுறைக்கு வரும்.

இம்முயற்சிக்கு எதிர்க்காற்றும் வீசாமலில்லை. உலக சுகாதார ஸ்தாபனத்திலிருந்து விலகும் கட்டளையில் அமெரிக்க ஜனாதிபதி ட்ரம்ப் 2025 ஜனவரி 20 ஆம் திகதி தாம் பதவியேற்ற நாளிலேயே கைச்சாத்திட்டார். பல தசாப்தங்களாக வறிய நாடுகளின் சுகாதாரத் திட்டங்களைத் தாங்கிநின்ற யூஎஸ்எயிட் அமைப்பின் வெளிநாட்டு உதவிப் பணிகள் அதே ஆண்டு யூலை முதலாம் திகதியுடன் முடிவுக்கு வந்தன. 2021 யூலையில் 15 இலட்சம் மொடர்னா தடுப்பூசிகளை இலங்கைக்கு அன்பளிப்பாக வழங்கிய நாடும் இதே அமெரிக்காதான். ஒரு தேர்தலோடு உதவியின் ஊற்றே வற்றிவிடக்கூடும் என்பதை இதைவிடத் தெளிவாக எவரும் உணர்த்த முடியாது.

ஆதலால் சிறிய நாடுகள் தமது சொந்த ஆற்றலை வளர்ப்பதே இரண்டாவது வழி. பல தசாப்தங்களாக அமெரிக்கப் பொருளாதாரத் தடைக்கு உட்பட்டிருக்கும் கியூபா, இலங்கையின் சனத்தொகையில் ஏறத்தாழ அரைவாசியையே கொண்டது. அதன் வைத்தியர்களுடைய வெளிநாட்டுச் சேவை குறித்தும் ஊதியம் குறித்தும் விமர்சனங்கள் உள்ளன. எனினும், அந்நாடு தனது மக்களுக்குத் தானே உருவாக்கிய தடுப்பூசிகளை ஏற்றியதோடு வியட்நாம் போன்ற நாடுகளுக்கும் வழங்கியது என்பதை மறுக்கவியலாது. அவ்வாற்றல் பெருந்தொற்று வந்தபின் தோன்றியதல்ல. பல தசாப்த கால முதலீட்டின் விளைவு.

இலங்கைக்கும் இவ்வழி புதிதன்று. பேராசிரியர் சேனக பிபிலேயின் முன்னெடுப்பில் 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாக்கப்பட்டபோது, மருந்தை வர்த்தகப் பெயரில் வாங்காமல் அதன் மூலப்பெயரில், மொத்தமாக, போட்டி விலைக்கு வாங்கும் கொள்கையை இந்நாடு உலகுக்குக் காட்டியது. 1987 இல் அரச மருந்து உற்பத்திக் கூட்டுத்தாபனம் யப்பானின் நன்கொடை உதவியுடன் நிறுவப்பட்டது. அங்கு வழங்கப்பட்டது மருந்துப் பெட்டிகளல்ல, மருந்தைத் தயாரிக்கும் ஆற்றல். அவ்வாறான உதவியைக் கொடுத்தவர் நாளை நினைத்தாலும் திருப்பி எடுக்க முடியாது. இந்தியாவிடமும் சீனாவிடமும் யப்பானிடமும் இலங்கை இனிக் கேட்க வேண்டியது இத்தகைய உதவியையே. தெற்காசிய நாடுகள் கூட்டாக மருந்து கொள்வனவு செய்வதும் அவசரகாலக் கையிருப்பொன்றைப் பேணுவதும் சாத்தியமற்ற கனவுகளல்ல. அரசியல் பகைமைகளுக்கு அப்பால் அதனை முன்னெடுக்கும் விருப்பமே தேவை.

அடுத்த பெருந்தொற்று எப்போது வரும் என எவராலும் கூற முடியாது. ஆனால் அது வரும்போதும் விமானங்கள் வந்திறங்கும், மாலைகள் சூட்டப்படும், நன்றியுரைகள் நிகழ்த்தப்படும். அவை யாவும் வேண்டியவையே. கொடுத்தவர்க்கு நன்றி பாராட்டுவது நமது பண்பாடு. எனினும், முதலாவது ஊசியைப் பெற்ற 6 இலட்சம் பேர் இரண்டாவதற்காகக் காத்திருந்த அந்த மாதங்களை ஆட்சியாளர்கள் மறந்துவிடலாகாது. முதலாவது ஊசியை அன்பளிப்பாகப் பெறலாம். இரண்டாவது ஊசிக்கு உடன்படிக்கையோ சொந்த உற்பத்தியோ உத்தரவாதமாக இருத்தல் வேண்டும். அந்த உத்தரவாதத்தைத் தேடுவதற்கு உரிய காலம் நோய் இல்லாத இக்காலமேயாகும்.